இரண்டு நிமிடக் கதைக்கு ஒரு முகவரி

தன் வாழ்வில் நடந்த ஒன்றைத் தானே எழுதி, தன் குரலில் பதிவுசெய்து, வீட்டில் இருக்கும் பழைய நிழற்படங்களை அதற்கேற்பக் கோத்து, இரண்டு மூன்று நிமிடக் காணொளியாக ஆக்குவது ஒரு கல்வியாகவே உலகின் பல நாடுகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. டிஜிட்டல் கதைசொல்லல் என்பது அதன் பெயர். படம் பிடிக்கப் பழகாதவர்கள்கூட ஒரு பட்டறையின் முடிவில் ஒரு கதையோடு வெளியே வருகிறார்கள். இதன் பயனில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்தக் கல்வி பெரும்பாலும் பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். காணொளி செய்யக் கற்றுத்தருகிறவர்கள், அது போய் அமரும் வலைப்பக்கத்தைக் கட்டக் கற்றுத்தருவது அரிது. எந்தத் தலைப்பின்கீழ், எந்தக் கதைக்கு அடுத்து, எவர் பார்வைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்ற முடிவுகள் வேறு யார் கையிலோ விடப்படுகின்றன. அந்த முடிவுகளும் கதைசொல்லலின் பகுதிதான். அவற்றைக் கைவிட்டவர் தன் கதையைச் சொல்லியிருக்கிறார். அது இன்னும் அவருடையதாகவில்லை.

தொடக்கம் ஒரு மேடையில் இருந்தது. டேனா ஆட்ச்லி என்ற அமெரிக்கக் கலைஞர் 1990களின் தொடக்கத்தில் 'நெக்ஸ்ட் எக்ஸிட்' என்ற தனிநபர் நிகழ்ச்சியை நடத்தினார். மேடையில் ஒரு சிறு திரையில் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். பின்னாலுள்ள பெரிய திரையில் அவருடைய குடும்பப் படங்களும் பழைய படச்சுருள்களும் ஓடும். நடுவே அமர்ந்து அவர் தன் கதைகளைச் சொல்வார். 1993இல் லாஸ் ஏஞ்சலஸில் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தில் இதை மற்றவர்களுக்குக் கற்றுத்தரும் பட்டறை நடந்தது. அடுத்த ஆண்டு ஆட்ச்லியும் ஜோ லாம்பர்ட்டும் நினா மல்லனும் சேர்ந்து சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மையத்தைத் தொடங்கினார்கள். 1998இல் அது பெர்க்லிக்கு இடம்மாறி டிஜிட்டல் கதைசொல்லல் மையம் ஆனது. 2015இல் ஸ்டோரிசென்டர் என்ற பெயரைப் பெற்றது. காலமும் கைகொடுத்தது. 1991இன் இறுதியில் ஆப்பிளின் குவிக்டைமும் அடோபியின் பிரீமியரும் வந்தபின், படத்தொகுப்பு என்ற வேலை படப்பிடிப்பு நிறுவனங்களின் அறையைவிட்டு மேசைக் கணினிக்கு வந்துவிட்டது. ஆனால் இந்த இயக்கத்தை உருவாக்கியது மென்பொருள் என்று சொல்வது பொருந்தாது. லாம்பர்ட் நாடகத்திலிருந்து வந்தவர். அவர் வகுத்த பட்டறையின் உயிர்நாடி 'கதைவட்டம்'. வந்தவர்கள் வட்டமாக அமர்கிறார்கள். ஒருவர் தன் கதையை அரைகுறையாகச் சொல்கிறார். மற்றவர்கள் முழுக் கவனத்தோடு கேட்டு, எங்கே மனம் ஒன்றியது, எங்கே விலகியது என்று சொல்கிறார்கள். கணினியைத் திறப்பது அதற்குப் பிறகுதான்.

இந்த முறையைப் பிரிட்டனில் வேரூன்றச் செய்தவர் டேனியல் மெடோஸ். அவர் நிழற்படக்காரர். 1973, 74 ஆண்டுகளில் ஒரு பழைய இரட்டைமாடிப் பேருந்தை வீடாகவும் இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டு இங்கிலாந்தின் ஊர்களைச் சுற்றி, தெருவில் போவோரை இலவசமாகப் படமெடுத்து, படத்தையும் அவர்களிடமே கொடுத்தவர். கலிஃபோர்னியாவில் நடந்ததைக் கண்டறிந்த பிறகு, 2001இல் பிபிசி வேல்ஸும் கார்டிஃப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய 'கேப்ச்சர் வேல்ஸ்' திட்டத்தை அவர் வழிநடத்தினார். 2008 வரை ஊர் ஊராகப் பட்டறைகள் நடந்தன. வெல்ஷ் மொழிக் கதைகளுக்கென இணையான திட்டமும் இருந்தது. மெடோஸ் வகுத்த அளவு கறாரானது: சுமார் 250 சொற்கள், பன்னிரண்டு படங்கள் அளவில், இரண்டு நிமிடம். இந்தக் குறுகிய அளவு தற்செயலானதல்ல. பழைய குடும்பங்களிடம் அசையும் படம் இருப்பது அரிது. பத்துப் பன்னிரண்டு நிழற்படங்கள் எப்படியும் இருக்கும். அசையாப் படம் குரலோடு போட்டியிடுவதில்லை. கேட்பவரின் கவனம் குரலிலேயே தங்குகிறது. 250 சொற்களுக்குள் அடங்க வேண்டும் என்றவுடன், பிறந்ததிலிருந்து தொடங்கும் வழக்கமான தன்வரலாறு அடிபட்டுப்போகிறது. எந்த ஒரு நாளைச் சொன்னால் போதும் என்று தேர்ந்தாக வேண்டியிருக்கிறது. மரபுக் கவிதையின் யாப்பு புலவனுக்குச் செய்வதை இந்த அளவு புதிதாகச் சொல்ல வருபவருக்குச் செய்கிறது. எழுத்துப் பயிற்சி இல்லாத ஒருவர் ஐந்து நாளில் கேட்கத்தக்க ஒன்றைச் செய்துமுடிக்க முடிவது இந்தக் கட்டுப்பாட்டால்தான்.

தமிழில் இந்தக் கல்வியை எடுத்துவரும்போது முதலில் எழும் சிக்கல் குரல் பற்றியது. ஆங்கிலத்திலும் எழுத்து நடைக்கும் பேச்சு நடைக்கும் வேறுபாடு உண்டு. ஆனால் தமிழில் இருப்பதுபோல வினைமுற்றுகளே மாறிவிடும் அளவுக்கு இல்லை. பள்ளியில் கட்டுரை எழுதிப் பழகிய ஒருவரிடம் உங்கள் கதையை எழுதுங்கள் என்றால், 'நான் அப்பொழுது ஐந்தாம் வகுப்புப் பயின்றுகொண்டிருந்தேன்' என்றுதான் எழுதுவார். ஒலிவாங்கி முன்னால் அதை வாசிக்கும்போது அவர் குரல் செய்தி வாசிப்பவரின் குரலாக மாறிவிடும். 'அப்ப நான் அஞ்சாவது படிச்சிட்டிருந்தேன்' என்று வாய்விட்டுச் சொல்லும்போது வருகிற மூச்சும் தயக்கமும் அதில் இருக்காது. குரலே இந்தக் கலையின் முதல் செல்வம் என்றால், தமிழ்ப் பட்டறையில் எழுதுவதற்கு முன் பேசிப் பதிவுசெய்ய வேண்டும். பதிவைக் கேட்டு அதிலிருந்து எழுத வேண்டும். அப்படி எழுதுவதும் அவரவர் வட்டார வழக்கிலேயே இருக்க வேண்டும். நெல்லைக்காரருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் பொதுவான ஒரு நடையைத் தேடினால் இருவருடைய கதையும் கெடும். இங்கேதான் வலைப்பக்கம் உள்ளே வருகிறது. குரல் வட்டார வழக்கில் இருக்க, கீழே ஓடும் வரிகளை எந்தத் தமிழில் போடுவது? காது கேளாதவருக்கும், தொலைவில் வேறு வழக்கில் வளர்ந்தவருக்கும், தேடுபொறிக்கும் அந்த எழுத்து வேண்டும். காணொளிக்குக் கீழே முழுப் பேச்சையும் பேசியபடியே எழுதிவைத்து, புரியாத சொற்களுக்கு மட்டும் பக்கத்தில் சிறு விளக்கம் தரலாம். ஓடும் வரிகளை எழுத்துத் தமிழில் தந்து குரலை வழக்கிலேயே விடலாம். எதைத் தேர்ந்தாலும் அது கதையின் பொருளை மாற்றும் முடிவு. அதைக் கதைக்கு உரியவர் எடுக்க வேண்டும் என்றால் அவருக்குப் பக்கம் கட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

கதைக்கு உரியவரின் கை எதுவரை நீள வேண்டும் என்ற கேள்வி மேசைக் கணினிக்கும் முந்தியது. 1966இல் சோல் வொர்த்தும் ஜான் அடேரும் அரிசோனாவின் பைன் ஸ்பிரிங்ஸில் நவஹோ மக்களுக்குப் படப்பிடிப்புக் கற்றுத்தந்தார்கள். அவர்கள் எடுத்த படங்களில் மனிதர்கள் நெடுநேரம் நடந்துகொண்டே இருந்தார்கள். நகரத்துப் படத்தொகுப்பாளர் வெட்டி எறியக்கூடிய நடைக்காட்சிகளை அவர்கள் கதையின் மையமாகவே வைத்திருந்தார்கள். கருவியோடு கருவியின் இலக்கணமும் சேர்ந்துவந்துவிடும் என்ற அச்சத்துக்கு அது ஒரு பதில். அந்தத் திட்டம் தொடங்குமுன் அங்கிருந்த முதியவர் ஒருவர், படம் எடுப்பதால் ஆடுகளுக்கு நன்மையா தீமையா, இரண்டும் இல்லையென்றால் எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்டது அந்த ஆய்வு நூலில் பதிவாகியிருக்கிறது. கதை சொல்லக் கற்றுத்தர வருகிற எவரும் பதில் வைத்திருக்க வேண்டிய கேள்வி அது. அடுத்த ஆண்டு, 1967இல், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தை ஒட்டிய ஃபோகோ தீவில் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. மீனவர்களை அங்கிருந்து பெயர்த்து வேறிடத்தில் குடியமர்த்துவது பற்றி அரசு எண்ணிக்கொண்டிருந்த காலம். தேசியத் திரைப்பட வாரியத்தின் காலின் லோ தீவு மக்களைப் பேசவைத்து இருபதுக்கும் மேற்பட்ட சிறு படங்களை எடுத்தார். எடுத்ததை முதலில் அவர்களிடமே போட்டுக்காட்டினார்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்ன பகுதி வெளியே போகாது. பல சிற்றூர்களாகப் பிரிந்து கிடந்தவர்கள் ஒருவர் சொன்னதை ஒருவர் திரையில் கேட்டார்கள். பிறகுதான் படங்கள் அமைச்சர்களிடம் போயின. மீனவர் கூட்டுறவு அமைப்பு உருவானது, தீவு காலியாகவில்லை. அங்கே மாற்றத்தை உண்டாக்கியதில் படங்களின் கலைநயத்தைவிட, யார் முதலில் பார்ப்பது, எது வெளியே போவது என்பதில் மக்களுக்கே முதலிடம் தந்த ஒழுங்குக்குத்தான் பங்கு அதிகம் என்று நான் கருதுகிறேன்.

இந்தியாவிலும் இதற்கு வலுவான சான்றுகள் உண்டு. 1984இல் அகமதாபாத்தில் சுயதொழில் செய்யும் பெண்கள் சங்கமான சேவாவின் உறுப்பினர்களுக்குக் காணொளிப் பயிற்சி தரப்பட்டது. அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காய்கறி விற்றவர்கள் கேமராவைத் தோளில் வைத்தார்கள். 'வீடியோ சேவா' பிறந்தது. தெலங்கானாவின் ஜஹீராபாத்தை அடுத்த பஸ்தாபூரில் தக்காண வளர்ச்சிக் கழகத்தின் தலித் பெண் விவசாயிகள் படம் எடுக்கக் கற்றபோது, கேமராக் கோணங்களுக்குத் தங்கள் வாழ்விலிருந்தே பெயர் வைத்தார்கள். ஒருவரை உயர்த்தியோ தாழ்த்தியோ காட்டும் கோணங்கள் நிலக்கிழாரின் 'பட்டேல் ஷாட்' என்றும் அடிமையின் ஷாட் என்றும் பெயர் பெற்றன. கண்ணுக்கு நேர் கண்ணாக நிற்பது 'சங்கம் ஷாட்'. தாங்கள் ஒருவருக்கொருவர் சமமாக அமர்ந்து பேசும் சங்கத்தின் பெயரை அந்தக் கோணத்துக்குக் கொடுத்ததோடு, தங்கள் படங்களுக்கு உரிய கோணமாகவும் அதையே கொண்டார்கள். திரைப்படக் கல்லூரியில் பல பருவங்கள் பேசப்படும் காட்சி அரசியலை அவர்கள் மூன்று சொல்லில் முடித்துவிட்டார்கள். எளிய மக்கள் தொழில்நுட்பத்தை மட்டும் வாங்கிக்கொள்வார்கள், அதைப் பற்றிச் சிந்திக்கமாட்டார்கள் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். கேமராவை இவ்வளவு நுட்பமாகக் கைப்பற்ற முடிந்தவர்களால் ஒரு வலைப்பக்கத்தைக் கைப்பற்ற முடியாதா?

வலையின் தொடக்கமும் நமக்குச் சாதகமானதே. டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் எழுதிய முதல் உலாவி, பக்கங்களைப் படிப்பதற்கும் எழுதுவதற்கும் ஒரே கருவியாக இருந்தது. பின்னால் மக்களிடம் பரவிய உலாவிகள் படிப்பதை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுவதை விட்டுவிட்டன. அப்படியும் 1990களின் நடுவில் தனிமனிதர்கள் ஆயிரக்கணக்கில் தங்கள் பக்கங்களைத் தாங்களே கட்டினார்கள். 1994இல் தொடங்கிய ஜியோசிட்டிஸ் இலவசமாக இடம் கொடுத்தது; திருமணப் படங்களும் இறந்த பிள்ளைகளின் நினைவுப் பக்கங்களும் அங்கே குவிந்தன. 1999இல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியது. தன்னார்வலர்கள் அவசர அவசரமாகப் பிரதியெடுத்த அளவுக்குத்தான் அது இன்று எஞ்சியிருக்கிறது. பத்தாண்டுக்குப் பின், 2019இல், மைஸ்பேஸ் தன்னிடம் 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்டிருந்த பாடல்களும் படங்களும் காணொளிகளும் தொலைந்துபோனதாக அறிவித்தது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடைசெய்தபோது டிக்டாக்கும் அதில் இருந்தது. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் வயலிலும் அடுப்படியிலும் நின்று தங்கள் வாழ்க்கையைச் சிறு காணொளிகளாக்கிய எத்தனையோ பேரின் பக்கங்கள் அதோடு மறைந்தன. தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். தன் கதையின் மூலப் பிரதியைக்கூடத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் செயலியிலேயே எடுத்து, செயலியிலேயே வெட்டி, செயலியிலேயே விட்டுவைத்தவர்களுக்கு அதன்பின் எதுவும் மிஞ்சவில்லை.

தமிழுக்கு இன்னொரு தனி இழப்பும் உண்டு. ஒருங்குறியில் 1991 முதலே தமிழ் இடம்பெற்றிருந்தாலும், நம் வலைப்பக்கங்கள் அதன்பின் பல ஆண்டுகள் டிஸ்கி, டேப், டாம் ஆகிய குறியேற்றங்கள் என்றும், ஒவ்வொரு இதழும் தனித்தனியே வைத்துக்கொண்ட எழுத்துருக்கள் என்றும் சிதறிக் கிடந்தன. தமிழ்நாட்டரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010இல். அந்த இடைக்காலத்தில் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் உட்படப் பலர் தங்கள் நினைவுகளை எழுதிய பக்கங்கள், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறியீடுகளாகத் தெரிந்தன. பல பக்கங்கள் அப்படியே கைவிடப்பட்டன. கதை நல்லதாக இருந்தது, சொன்னவர் தேர்ந்தவர், வாசகரும் இருந்தார். குறியேற்றம் என்ற ஒரு வடிவமைப்பு முடிவு எல்லாவற்றையும் கெடுத்தது. அதேசமயம், 1990களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட முதல் வலைப்பக்கத்தின் எளிய குறியீட்டை இன்றைய கைப்பேசி உலாவியும் பிழையின்றித் திறக்கிறது. 2000களில் மிக நவீனமாகக் கருதப்பட்ட ஃபிளாஷில் செய்த அசையும் பக்கங்களோ, 2020 முடிவில் அடோபி அதன் ஆதரவை நிறுத்தியபின் சாதாரண உலாவியில் திறப்பதே இல்லை. இதிலிருந்து கிடைக்கும் பாடம் கைவினை சார்ந்தது. எளிய எச்டிஎம்எல் பக்கம் ஒன்று, அதனோடு காணொளிக் கோப்பு, படங்கள், பேச்சின் எழுத்து வடிவம், ஓடும் வரிகளுக்கான சிறு உரைக்கோப்பு ஆகியவை ஒரே அடைவில் (ஃபோல்டரில்) இருக்க வேண்டும். அந்த அடைவு ஒரு பென்டிரைவிலும் இன்னொருவர் கணினியிலும் பிரதியாக இருக்க வேண்டும். இவ்வளவைச் செய்யத் தெரிந்தவரின் கதை எந்த நிறுவனம் மூடினாலும் அழியாது.

நிலைத்திருப்பது ஒரு பக்கம். பொருள் இன்னொரு பக்கம். ஒரு தாய் தன் மகனைத் தேடிய கதையைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே காணொளி 'போரால் பாதிக்கப்பட்ட பெண்கள்' என்ற தலைப்பின்கீழ் இருந்தால் ஒரு பொருள். அவர் ஊரின் பெயரின்கீழ் இருந்தால் வேறு பொருள். நன்கொடை கேட்கும் பொத்தானுக்கு மேலே இருந்தால் இன்னும் வேறு. முகப்பில் நிற்கும் சிறு படம் அவர் அழுகிற கணமா, கையில் மகனின் பள்ளிப் படத்தோடு நிமிர்ந்து பார்க்கிற கணமா என்பது, பார்வையாளர் காணொளியைத் தொடுவதற்கு முன்பே கதையைத் தீர்மானித்துவிடுகிறது. கேப்ச்சர் வேல்ஸையும் லண்டன் அருங்காட்சியகத்தின் ஒரு திட்டத்தையும் ஆராய்ந்த நான்சி துமிம், மக்கள் தங்களைத் தாங்களே காட்டிக்கொள்ளும் இடத்திலும் நிறுவனத்தின் கை நடுவில் இருந்துகொண்டே இருப்பதை விரிவாக எழுதியிருக்கிறார். அந்தக் கை கெட்ட எண்ணத்தோடு இருக்கத் தேவையில்லை. பிபிசி அக்கறையோடுதான் நடந்துகொண்டது. ஆனால் எந்தக் கதை எங்கே, எவ்வளவு காலம் என்பது பிபிசியின் தளத்தில் பிபிசியின் முடிவு. 2008இல் திட்டம் முடிந்தது நிறுவனத்தின் காலக்கணக்கின்படி. இலங்கையில் ராதிகா ஹெட்டியாராச்சி முன்னின்று நடத்திய 'ஹெர்ஸ்டோரீஸ்' திட்டம் இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. வடக்கிலும் தெற்கிலும் வாழும் தாய்மாரின் கதைகளைக் கையெழுத்துக் கடிதங்களாகவும், அவர்களே வரைந்த நினைவு வரைபடங்களாகவும், குறுங்காணொளிகளாகவும் அது இணையத்தில் அடுக்கியது. கடிதத்தைத் தட்டச்சு செய்து மட்டும் போட்டிருந்தால் வரிகள் கிடைத்திருக்கும், கையெழுத்து போயிருக்கும். முல்லைத்தீவின் தாயும் தெற்கின் தாயும் ஒரே தொகுப்பில் வைக்கப்பட்டதே ஒரு கூற்று. அதை எந்தத் தனிக் காணொளியும் சொல்லியிருக்க முடியாது. பக்க அமைப்பு கதை சொல்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கும்போது, யூடியூப்பும் இன்ஸ்டாகிராமும் கோடிக்கணக்கான பார்வையாளர்களைத் தரும்போது, யாரும் வந்து பார்க்காத தனிப்பக்கம் எதற்கு என்பது. இது வலுவான கேள்வி. தனிப்பக்கம் மட்டும் போதும் என்று சொல்பவர் கதைசொல்லியைத் தனிமைப்படுத்திவிடுவார். பெருந்தளங்களில் பிரதி இருக்கட்டும். மூலம் சொந்த முகவரியில் இருக்கட்டும் என்பதே என் நிலை. அதோடு, எல்லாக் கதையும் கோடிப் பேருக்கானது என்ற எண்ணத்தையே கேள்வி கேட்க வேண்டும். ஃபோகோ படங்களின் முதல் அவை பக்கத்துக் கிராமம். தளங்களின் கணக்கு, பார்த்த எண்ணிக்கையைக் கொண்டே அடுத்ததை முன்னால் தள்ளுகிறது. முதல் மூன்று நொடியில் கவனத்தைப் பிடிக்காத குரல் பின்னால் போகிறது. தயங்கித் தொடங்கும் ஒரு முதியவரின் கதைக்கு அந்தச் சந்தையில் இடமில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள், ஊரார், அவர் வேலைபார்த்த ஆலையின் பழைய தொழிலாளர்கள் என்று நூறு பேர் நிதானமாகப் பார்க்கும் பக்கம் அவருக்குப் போதுமானதாக இருக்கலாம். கேட்கப்படாத குரல் முழுமையான குரல் ஆகாது என்பது ஊடக ஆய்வாளர் நிக் கோல்ட்ரி போன்றோர் வலியுறுத்துவது. அதை ஏற்கிறேன்; கேட்பது என்பதை எண்ணிக்கையாகச் சுருக்கத் தேவையில்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

இரண்டாவது மறுப்பு பட்டறைகளின் வடிவம் பற்றியது. எல்லாக் கதைகளும் ஒன்றுபோல ஒலிக்கின்றன, மெல்லிய இசை, பழைய படம், கடைசியில் ஒரு நெகிழ்ச்சி என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. லாம்பர்ட் முதலில் வகுத்த ஏழு கூறுகளில் உணர்ச்சியும் இசையும் இருக்கின்றன. பயிற்சியாளர்கள் அவற்றைச் சூத்திரமாக்கிவிட்டால் கதைகள் அச்சில் வார்த்ததுபோலத்தான் வரும். ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜீன் பர்ஜஸ் 2006இல் எழுதிய கட்டுரை இதற்கு வேறொரு கோணம் தந்தது. புதுமையையும் எதிர்ப்பையும் மட்டுமே தேடப் பழகிய படித்தவர்களின் காது, சாதாரண மக்களின் நேர்மையான ஏக்கத்தைக் குறையாகக் கேட்கிறது என்பது அதன் சாரம். ஒப்பாரிகளும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கின்றன. அதனால் அவை பொய் ஆகிவிடுவதில்லை. ஆனாலும் சூத்திரத்தின் பிடி தளர வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, பக்க அமைப்பு அதற்கும் உதவும். காணொளியில் அடங்காத மறுபக்கத்தை, அதே நிகழ்ச்சியைத் தங்கை வேறுவிதமாக நினைவுகூர்வதை, பின்னால் கிடைத்த ஒரு கடிதத்தைப் பக்கத்தில் சேர்க்க முடியும். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் நெகிழ்ச்சியை வலைப்பக்கம் திறந்துவைக்கிறது.

மூன்றாவது மறுப்பே எனக்கு மிகக் கடினமானது. கதைக்கு உரியவர் விரும்பும்போது நீக்கலாம் என்றால் வரலாற்று ஆவணம் என்னவாகும்? வரலாற்றாசிரியர்களின் கவலை நியாயமானது. பத்தாண்டுக்குப் பின் ஒரு குடும்பத்தின் சங்கடத்துக்காக ஒரு சாட்சியம் மறைந்துபோகலாம். ஆனால் இன்று வெட்டவெளியில் சொன்னது நாளை ஒருவரின் மகள் திருமணத்தையோ அவருடைய உயிரையோ பாதிக்கக்கூடிய சமூகங்களில்தான் இந்தக் கதைகள் சொல்லப்படுகின்றன. வன்முறைக்கு உள்ளானவர்களோடு வேலைசெய்ய 1999இல் எமி ஹில் தொடங்கிய 'சைலன்ஸ் ஸ்பீக்ஸ்' திட்டம், ஒரே கையெழுத்தில் ஒப்புதலை முடித்துவிடாமல் படிப்படியாகக் கேட்கும் நெறியை வளர்த்தது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தன் தரவை அழிக்கக் கோரும் உரிமையைச் சொல்கிறது. நீக்குவதற்கும் அழிப்பதற்கும் இடையே படிகள் உண்டு: பொதுப் பார்வையிலிருந்து எடுத்துக் காப்பகத்தில் மட்டும் வைப்பது, பெயரை மறைப்பது, இத்தனை ஆண்டு கழித்துத் திறக்கலாம் என்று குறிப்பது. இந்தப் படிகளை அறிந்தவர் கதையைப் பயமின்றித் தருவார். அறியாதவர் பாதிக் கதையைத்தான் தருவார். ஆவணத்தின் நலனும் சொல்பவரின் உரிமையும் இந்த இடத்தில் ஒன்றுபடுகின்றன.

வலைவடிவமைப்பு கடினமான தொழில்நுட்பம், சாதாரணருக்கு ஆகாது என்பதை மறுப்பாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பக்கத்துக்குத் தேவையான குறிகள் இருபதுக்குள் அடங்கும். குரல் பதிவையும் பின்னணி ஒலியையும் சமன்செய்வதைவிட அது எளிது.

2000களின் பிற்பாதியில் இந்தியா, நேபாளம், இலங்கை, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் சமூக ஊடக மையங்களில் நடந்த 'ஃபைண்டிங் எ வாய்ஸ்' ஆய்வுத் திட்டம், உள்ளூர்ப் பயிற்சியாளர்களுக்கு டிஜிட்டல் கதைசொல்லலைக் கற்றுத்தந்து, நம் பகுதியில் இது நடக்கக்கூடியதே என்று காட்டியது. 2005 முதல் இயங்கிவரும், இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கான 'நூலகம்' இணையத் திட்டமும் அதன் 'ஆவணகம்' தளமும், தமிழில் வாய்மொழி வரலாற்றைத் தன்னார்வலர்கள் தரத்தோடு பேண முடியும் என்பதற்குச் சான்றாக நிற்கின்றன. தமிழ்நாட்டின் காட்சித் தொடர்பியல் துறைகள் ஆண்டுதோறும் மாணவர்களைக் குறும்படம் எடுக்கவைக்கின்றன. தொண்டு நிறுவனங்கள் பெண்களுக்கும் இளைஞருக்கும் கைப்பேசிப் படப்பிடிப்புக் கற்றுத்தருகின்றன. அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பயிற்சி மூன்று நாள் என்றால் ஒரு நாளைப் பக்கத்துக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் தன் கதைக்கான தலைப்பையும் முகப்புப் படத்தையும் எழுத்து வடிவத்தையும் தானே முடிவுசெய்து, தானே ஒரு பக்கம் கட்டி, முழு அடைவின் ஒரு பிரதியைக் கையோடு வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும். நிறுவனத்தின் தளத்தில் அந்தக் கதையைப் போடுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு அவர்களிடம் கேளுங்கள்.